சொந்தத் தொழிலும் வீட்டு நேரமும்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையில் பேசிப் பழகியவள் அல்ல நான். இருபது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தோடுதான் என் பேச்சு. தலைமையாசிரியர் என்னை அழைத்து, "சொந்தத் தொழில் செய்கிற பெற்றோர் நேரத்தை எப்படிப் பங்கிட வேண்டும் என்று பேசுங்கள் அம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், அந்தப் பாடத்தில் நான் தோற்றுப்போனவள் சார்" என்றேன். "தோற்று எழுந்தவர்தான் எங்களுக்கு வேண்டும்" என்றார். அதனால்தான் துணிந்து வந்து நிற்கிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அம்மா பால்மரம் வெட்டினார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி, எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டோடு பெரட்டுக்குப் போய் நிற்பார். மணி அடித்தால் பெரட்டு. பேர் கூப்பிட்டால் வேலை. விடிவதற்குள் வெட்ட வேண்டும், ஏனென்றால் அந்தக் குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மங்குகளில் பால் சேர்ந்ததும் வாளியில் எடுத்துப்போய் ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கையில் காசு குறையும்.

நம் பேராக் மாநிலத்துக்கு இந்த மரம் வந்து நெடுங்காலம் ஆகிறது. 1877-ஆம் ஆண்டிலேயே கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்றை இன்றும் அங்கே பாதுகாத்து வருகிறார்கள். அந்த மரத்தின் நேரத்துக்குத்தான் நம் பாட்டன் பாட்டிமார் எழுந்தார்கள், படுத்தார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரம் ஆக வேண்டும் என்பதற்காக. அப்போது எனக்கு நான்கு வயது. பிற்காலத்தில் அம்மா அதைச் சொல்லிச் சிரிக்கும்: "கடிகாரத்தத்தான் தள்ளி வச்சாங்க. மரத்தையா தள்ளி வச்சாங்க? அரை மணி முன்னாடி எந்திரிச்சதுதான் மிச்சம்."

அந்த வாழ்க்கை இனிமையானது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் பட்ட துன்பம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வேலைக்குத் தொடக்க மணி இருந்தது போலவே ஒரு முடிவும் இருந்தது. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அதன் பிறகு யாரும் வீட்டுக் கதவைத் தட்டி, "இன்னும் நாலு மரம் வெட்டிக் குடும்மா" என்று கேட்டதில்லை.

பிறகு தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது. எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தன. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து, கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டிருந்தன. தோட்டமும் இல்லை, ஈயமும் இல்லை. படிப்புக் குறைந்தவர்களுக்கு மிஞ்சியது ஆலை வேலை, இல்லாவிட்டால் சொந்தக் கை. நான் ஏழு ஆண்டுகள் ஆலையில் தைத்தேன். மூத்தவன் பிறந்ததும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று ஒரு பழைய தையல் இயந்திரத்தை வாங்கி, வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்க ஆரம்பித்தேன்.

"இனி நான்தான் எனக்கு முதலாளி" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் பரிசளிப்பு விழா நடந்தது. அப்போது என் மகள் நான்காம் ஆண்டு மாணவி. கையெழுத்துக்கு முதல் பரிசு. "அம்மா, கண்டிப்பா வரணும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விழா நாள் காலையில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை முடியாமல் கிடந்தது. "அவசரம் அக்கா, இன்னிக்கே வேணும்" என்று சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் பிள்ளையை அழைத்துப் போனார்.

பரிசோடு வீட்டுக்கு வந்தவள் என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் பரிசை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நீங்கதானே உங்களுக்கு முதலாளி? அப்புறம் ஏன் உங்க முதலாளி உங்களுக்கு லீவு குடுக்கல?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவசரம் என்று சொன்னவர்கள் அந்த ரவிக்கையை எடுக்க மூன்று நாள் கழித்துத்தான் வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. "முடியாது" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியாத என்மேல்தான் கோபம்.

அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் லாரி ஓட்டுகிறார். "நான் நாளெல்லாம் ரோட்டுல கெடந்துட்டு வரேன். நீ வீட்டுலதானே இருக்கே, கொஞ்சம் நேரத்தப் பாத்து செய்யக் கூடாதா?" என்றார். சண்டை வந்துவிட்டது. வீட்டிலேயே இருப்பவளுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். சொல்லப்போனால் நானும் அப்படித்தான் நம்பினேன். நான்தான் சோம்பேறி, நான்தான் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஒரு வாரம், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று விடாமல் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்தேன். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் 57 மணி நேரம். வாசலில் நின்று வாடிக்கையாளரோடு பேசியது 9 மணி நேரம். நூல், கொக்கி, உள்துணி வாங்கக் கடைக்கு அலைந்தது 6 மணி நேரம். தப்பாகத் தைத்ததை அவிழ்த்துத் தைத்தது 4 மணி நேரம். அளவுச் சீட்டையும் துணியையும் தேடியது 3 மணி நேரம். ஆக 79 மணி நேரம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது? இரண்டே மணி நேரம். வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோர்களே, நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். நேரம் போதவில்லை என்று புலம்புவதற்கு முன் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கடை வைத்திருந்தாலும், டாக்சி ஓட்டினாலும், பாசார் மாலாமில் வியாபாரம் செய்தாலும் எழுதுங்கள். காசுக்குக் கணக்கு எழுதுகிற நாம் நேரத்துக்கு எழுதுவதில்லை. கணக்கு இல்லாத இடத்தில் சண்டைதான் வரும்.

இரண்டாவது, ஒரே மாதிரி வேலையை ஒன்றாகச் செய்யுங்கள். நம் ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்போங் இருப்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்க் குடும்பங்கள் கடலை வறுத்து, முறுக்கும் ஓமப்பொடியும் பக்கோடாவும் சுட்டுப் பேர் வாங்கிய இடம். ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் காகிதக் கூம்பில் கட்டி விற்ற சரக்கு இன்று பெரிய கடைகள் வரைக்கும் போகிறது. சுடுகிற நேரத்தில் அங்கே போய்ப் பாருங்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது முறுக்குப் பிழிகிறவர் முறுக்குத்தான் பிழிவார். நடுவில் எழுந்துபோய்க் கடலை பொட்டலம் கட்ட மாட்டார். எழுந்தால் முறுக்குக் கருகும்.

நானோ ஒரு ரவிக்கையை வெட்டி, பாதி தைத்து, நூல் தீர்ந்தால் கடைக்கு ஓடி, வந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது திங்கட்கிழமை அந்த வாரத்துத் துணி எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறேன். ஒரே நிற நூலுக்குரியவற்றை அடுத்தடுத்துத் தைக்கிறேன். கொக்கி வைப்பதைத் தனியாக ஒரு வேளைக்கு வைத்துக்கொள்கிறேன். கடைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் போகிறேன். ஆறு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

மூன்றாவது, கதவுக்கு நேரம் வையுங்கள். செவ்வாய், வியாழன், சனி, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை துணி வாங்குவேன், கொடுப்பேன் என்று வாசலில் எழுதி ஒட்டினேன். கைப்பேசி இரவு எட்டு மணிக்குச் சமையலறை அலமாரிக்குள் போய்விடும். முன்பெல்லாம் பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வரும்: "அக்கா, தூங்கிட்டீங்களா?" தூங்கவில்லை என்று பதில் போட்டால் அன்று தூக்கம் போய்விடும். முதல் மாதம் சிலர் கோபப்பட்டார்கள். "என்னாங்க, ஆபீஸ் மாதிரி நேரம் வச்சிட்டீங்க!" என்றார் ஒருவர். "ஆமாங்க, ஆபீஸ்தான்" என்றேன். பிறகு பழகிவிட்டார்கள்.

நான்காவது, மிக முக்கியமானது, விலை. நேரத்தைப் பற்றிப் பேசும்போது விலையைப் பற்றிப் பேசாவிட்டால் அந்தப் பேச்சு முழுமையாகாது. நான் ஒரு ரவிக்கைக்கு 30 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தேன். உள்துணி, நூல், கொக்கி, மின்சாரம் எல்லாம் 10 வெள்ளி போனால் கையில் நிற்பது 20. மாதம் 2,000 வெள்ளி வேண்டுமென்றால் 100 ரவிக்கை தைக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 250 மணி நேரம். விலையை 40 வெள்ளி ஆக்கினேன். கையில் நிற்பது 30. அதே 2,000 வெள்ளிக்கு 67 ரவிக்கை போதும். அதாவது ஏறக்குறைய 168 மணி நேரம். மாதத்துக்கு எண்பது மணி நேரத்துக்கு மேல் எனக்குத் திரும்பக் கிடைத்தது!

விலை ஏற்றினால் ஆள் போய்விடுவார்களே என்று பயந்தேன். பன்னிரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். என் தையல் நன்றாக இருந்ததால் இருந்தார்கள். ஆகவே, வேலையைச் சுத்தமாகச் செய்யாமல் விலையை மட்டும் ஏற்றாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னும் ஒரு கணக்கு. சம்பளத்துக்குப் போகிறவர்களுக்குப் பொது விடுமுறை உண்டு, நோய் விடுப்பு உண்டு. சொந்தத் தொழிலில் லீவு எடுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஆகவே லீவையும் விலைக்குள் வைக்க வேண்டும். ஆண்டில் 365 நாள். ஞாயிற்றுக்கிழமை 52, பெருநாளும் பள்ளி விழாவும் 12, காய்ச்சல் தலைவலிக்கு 10 என்று கழித்தால் 291 நாள். நான் இப்போது 291 நாளுக்குத்தான் கணக்குப் போட்டு விலை சொல்கிறேன். மீதி 74 நாள் எனக்கும் என் குடும்பத்துக்கும். முன்பு அந்த 74 நாளையும் இலவசமாக ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கை முடியாமல் போகும் நாளையும் நினைக்க வேண்டும். சுயதொழில் செய்கிறவர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டு தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்குத் தொடங்கி, பிறகு மற்றத் தொழில்களுக்கும் பெர்கேசோவின் பாதுகாப்பை விரித்தார்கள். குடும்ப மாதர்களுக்கான திட்டம் 2022 டிசம்பரில் வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா. ஊழியர் சேமநிதியிலும் நாமாகவே பணம் போட்டு வரலாம். தாய்மார்களே, விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் இவற்றை விசாரியுங்கள். விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிறகு விசாரித்துப் பயன் இல்லை.

ஐந்தாவது, தனியாகச் சுமக்காதீர்கள். நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் அவர்களை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒருவர் கையில் இருந்தால் ஒன்றுக்கும் ஆகாத காசு, ஒன்று சேர்ந்தபோது நிலமாக மாறியது.

நேரமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் தைக்கிறார்கள். முன்பு நாங்கள் ஒருவர் வாடிக்கையை ஒருவர் பிடித்துக்கொள்வோமோ என்று முகம் கொடுத்துப் பேச மாட்டோம். இப்போது தீபாவளி நெருக்கத்தில் எனக்கு மிஞ்சுவதை அவர்களுக்கு அனுப்புகிறேன். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் நான் முடித்துக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன்பே மூவரும் துணி வாங்குவதை நிறுத்திவிடுகிறோம். மூவரும் ஒரே பேச்சாக இருப்பதால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். "விடியற்காலை எழுந்தால் எல்லா வேலையும் முடியும்" என்று பெண்களுக்கு எளிதாகப் புத்தி சொல்லிவிடுகிறார்கள். என் அம்மா வாழ்நாள் முழுவதும் நான்கு மணிக்குத்தான் எழுந்தார். முடிந்ததா? முடியவில்லை. களைப்புத்தான் முடியாமல் மிஞ்சியது. ஒருத்தி இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பதால் வீட்டு வேலை குறையாது. இன்னொருவர் கை கொடுத்தால்தான் குறையும். இப்போது ஞாயிறு சமையல் என் வீட்டுக்காரர் பொறுப்பு. உப்பு சில சமயம் கூடிப்போகும், சாப்பிட்டுவிடுகிறோம். மகன் பாத்திரம் கழுவுகிறான். ஆண்பிள்ளைக்கு அது தெரிந்திருந்தால் நாளைக்கு வரப்போகும் மருமகள் என்னை வாழ்த்துவாள். மகள் கொக்கி வைக்கப் பழகுகிறாள். ஆனால் வீட்டுப்பாடம் முடிந்த பிறகு அரை மணி நேரம் மட்டும். பிள்ளைகள் தொழிலைத் தெரிந்துகொள்ளட்டும். நம் தொழிலுக்காக அவர்கள் படிப்பை நாம் கடன் வாங்கக் கூடாது.

வள்ளுவர் பொருட்பாலில் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னது என்பார்கள். முன்னறையில் ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, தொழிலையும் குடும்பத்தையும் ஆள்கிறவளுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பிள்ளைகளே, உங்கள் ஆசிரியரிடம் அந்தப் பத்துக் குறளுக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததை முடிக்கிறேன். தோட்டத்தில் நமக்கு மணி அடிக்க வேறொருவர் இருந்தார். அந்த மணியை நாம் வெறுத்தோம். சொந்தத் தொழிலில் அந்த மணி இல்லை என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் மணியே இல்லாத வேலை இரவும் பகலும் நம்மைத் தின்றுவிடும். தொடங்குகிற மணியை அடிக்க நமக்குத் தெரியும், வயிறு அடித்துவிடும். நிறுத்துகிற மணியைத்தான் நாமே எழுந்துபோய் அடிக்க வேண்டும். நமக்காக வேறு யாரும் அதை அடிக்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம்கூட ஒரு நாள் இரவு ஒரு மணி வரைக்கும் தைத்தேன். சில மாதம் கையில் 2,000 நிற்பதில்லை. பழைய பழக்கம் சட்டென்று விட்டுப்போகிறதா? ஆனால் அந்தப் பயிற்சிப் புத்தகம் இன்னும் மேசைமேல் இருக்கிறது. பிள்ளைகளோடு உட்காரும் நேரம் இரண்டு மணியிலிருந்து பதினொரு மணி ஆகியிருக்கிறது.

இந்த ஆண்டு என் மகள் ஆறாம் ஆண்டு. அவளுக்கு இந்தப் பள்ளியில் இதுதான் கடைசிப் பரிசளிப்பு விழா. இன்று காலையில் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவளையே எழுதச் சொன்னேன், அழகான கையெழுத்து அல்லவா! "இன்று தையல் இல்லை. மகள் பரிசு வாங்குகிறாள்" என்று எழுதியிருக்கிறாள். முதலாளி லீவு கொடுத்துவிட்டார்.

பெற்றோர்களே, அடுத்த ஆண்டு இந்த நாற்காலிகளில் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. எவ்வளவு பெரிய அவசரமானாலும் மூன்று நாள் காத்திருக்கும். பிள்ளை மேடையேறி நம் முகத்தைத் தேடுகிற அந்த ஒரு நிமிடம் காத்திருக்காது.

 பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து.